சுவடி ஆராய்ச்சியும் திரையில் வாசிப்பும்

பனையோலை ஏடொன்றில் மூன்று குறிகள் அடுத்தடுத்துக் காணப்படுகின்றன என்று கொள்க. முதலில் ஒரு கொம்பு, அடுத்துப் பகரம், அதன்பின் ரகரம் போலத் தோன்றும் ஒரு கோடு. இன்றைய அச்செழுத்திற் பழகிய கண்ணுக்கு இதில் ஐயம் எழ இடமில்லை. ஏட்டை வாசிக்கப் புகுந்தவருக்கோ இஃது ஒரு புதிர். பழைய ஏடுகளில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் கொம்பு ஒன்றே. மெய்யெழுத்தின்மேற் புள்ளி இடும் வழக்கமில்லை. எழுத்தாணியாற் புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். காலுக்கும் ரகரத்துக்கும் வடிவில் வேறுபாடில்லை. ஆகவே அம்மூன்று குறிகளையும் பெர, பேர, பெர், பேர், பொ, போ என்று ஆறு வகையாக வாசித்தல் கூடும். ஒருவரை அழைப்பதற்கு வேண்டுவது 'பேர்'. அனுப்பிவிடுவதற்கு வேண்டுவது 'போ'. இரண்டும் ஏட்டில் ஒரே உருவத்துடன் நிற்கும்.

இதனோடு தொல்லை முடிந்ததா என்றால் இல்லை. ஏட்டிலே சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெளி இராது. செய்யுளின் அடி எங்கே முடிகின்றது, உரை எங்கே தொடங்குகின்றது என்பதற்கு அடையாளம் இராது. மூலமும் உரையும் மேற்கோளும் ஒரே ஓட்டமாக ஓலையின் இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்கு ஓடும். வீரமாமுனிவர் (1680 - 1747) ஏகார ஓகாரங்களுக்கு வேறு குறி வகுத்துக் காட்டிய பின்னரும் ஏடெழுதுவோர் பலர் பழைய வழக்கையே பின்பற்றினர். ஓலையோ சில நூற்றாண்டுகளுக்கு மேல் நில்லாப் பொருள். ஆகவே ஒரு நூல் ஆயிரம் ஆண்டு வாழ வேண்டுமாயின் அது பலமுறை படியெடுக்கப்பட வேண்டும். படியெடுக்கும்தோறும் ஒரு கை மாறுகின்றது. கை மாறும்தோறும் சில எழுத்துக்கள் மாறுகின்றன.

அவ்வாறு மாறிவந்த பல பிரதிகளையும் ஒருங்கு வைத்து, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, ஆசிரியர் எழுதியது எதுவாயிருக்கலாம் என்று தேர்ந்து, தேராது ஒதுக்கியவற்றையும் மறையாது அடிக்குறிப்பிற் காட்டும் துறையே மூலபாட ஆராய்ச்சி. மேனாட்டில் இத்துறைக்கு நெறி வகுத்தோருள் ஒருவர் ஜெர்மானிய அறிஞர் லாக்மன் (1793 - 1851). உலுக்கிரீசியசு என்னும் இலத்தீன் கவிஞரின் நூலை அவர் 1850ஆம் ஆண்டிலே பதிப்பித்தார். எஞ்சியிருந்த பிரதிகளிலுள்ள பிழைகளையும் இடமாற்றங்களையும் மட்டுமே கொண்டு, அவற்றுக்கெல்லாம் தாயாகிய, எவரும் கண்டிராத பழம்பிரதியில் ஒரு பக்கத்துக்கு 26 வரிகள் இருந்தன என்று அவர் கணித்துக் கூறினார். பிழையையே சான்றாகக் கொண்டு உண்மையை அணுகுதல் இத்துறையின் தனிச் சிறப்பு. நீதிமன்றத்திலே பொய்ச்சாட்சிகள் இருவர் ஒரே பொய்யை ஒரே சொல்லாற் கூறினால், இருவருக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தவர் ஒருவரே என்பது தெளிவாகிவிடுகின்றது. பிரதிகளின் குலமுறையும் அவ்வாறே துணியப்படுகின்றது.

தமிழுலகில் இப்பணியின் முன்னோடிகளுள் யாழ்ப்பாணத்தார் இருவர் நிற்பதை ஈழத்தவர் நன்கறிவர். ஆறுமுக நாவலர் (1822 - 1879) வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவிப் பிழையற்ற பதிப்பு என்பது யாது என்பதைச் செய்து காட்டினார். உரைநடையில் நிறுத்தக் குறிகளை நிலைபெறச் செய்தோருள்ளும் அவர் முதன்மையானவர். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832 - 1901) வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்று, 1857ஆம் ஆண்டிலே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராகத் தேறியவர். வீரசோழியத்தை 1881ஆம் ஆண்டிலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885ஆம் ஆண்டிலும், கலித்தொகையை 1887ஆம் ஆண்டிலும் அவர் அச்சேற்றினார். ஏட்டைக் கையில் எடுத்தால் அது உதிர்வதையும், கட்டை அவிழ்த்தால் இதழ் ஒடிவதையும், எழுத்துக்கள் துளைகளுக்கிடையே கிடப்பதையும் பதிப்புரையில் அவர் விவரிக்குமிடம், தமிழ் உரைநடையிற் படிப்பவர் நெஞ்சை உருக்கும் பகுதிகளுள் ஒன்று.

பிள்ளையவர்களின் பொருளதிகாரப் பதிப்பைப் பற்றிய ஒரு செய்தி இங்கே கருதத்தக்கது. அப்பதிப்பில் நூல் முழுவதற்கும் உள்ள உரை நச்சினார்க்கினியருடையது என்றே அச்சாகியிருந்தது. மெய்ப்பாட்டியல் முதலாகிய பின்னான்கு இயல்களுக்கு அங்கே காணப்பட்ட உரை பேராசிரியருடையது என்பதைப் பின்வந்த இரா. இராகவையங்கார் முதலியோர் உரைக்குள்ளே கிடந்த அகச்சான்றுகளைக் கொண்டு நிறுவினர். இதனாற் பிள்ளையவர்களின் பெருமை குறைந்துவிட்டதா? சற்றும் இல்லை. அவர் அச்சேற்றியிராவிடின் ஆராய்வதற்கு உரையே இருந்திராது. தாம் கண்ட பிரதிகள் இன்ன தன்மையன என்று அவர் சொல்லி வைத்தமையாலேயே பின்வந்தோர் திருத்த முடிந்தது. திருத்தப்படுவதற்கு இடம் வைத்துப் பதிப்பிப்பவரே நல்ல பதிப்பாசிரியர்.

உ. வே. சாமிநாதையர் (1855 - 1942) இம்முறையை மேலும் விரித்தார். சீவக சிந்தாமணி 1887ஆம் ஆண்டிலும், பத்துப்பாட்டு 1889ஆம் ஆண்டிலும், சிலப்பதிகாரம் 1892ஆம் ஆண்டிலும், புறநானூறு 1894ஆம் ஆண்டிலும் அவர் கையால் அச்சுலகம் புகுந்தன. எந்த ஊரில், எவரிடமிருந்து, எந்நிலையில் ஏடு கிடைத்தது என்பதை முகவுரையில் எழுதுவதை அவர் கடமையாகக் கொண்டார். குறிஞ்சிப்பாட்டிலே தலைவியும் தோழியும் குவிக்கும் மலர்களின் வரிசையிற் சில பெயர்கள் தம்மிடமிருந்த ஏடுகளில் விடுபட்டிருப்பதை ஐயர் கண்டார். பொருத்தமான பூப்பெயர்களைத் தாமே கோத்து வைத்திருந்தால் எவரும் அறிந்திரார். அவர் அது செய்யாது தேடினார். உதிர்ந்த பூக்கள் தருமபுர ஆதீனத்து ஏடொன்றில் அகப்பட்டன. கரிவலம்வந்தநல்லூரில் மற்றோர் அனுபவம். கோயிலில் இருந்த ஏடுகளைக் காண ஆவலோடு சென்றவருக்கு, பழைய ஏடுகள் நெய்யில் நனைத்து ஓமத்தீயில் இடப்பட்டுவிட்டன என்ற விடையே கிடைத்தது.

இத்துணைப் பழங்கதை இப்பொழுது எதற்கு என்று இளைஞர் சிலர் வினவக்கூடும். நூல்கள் எல்லாம் கணினிக்கு வந்துவிட்டன. கையடக்கத் தொலைபேசியிலே புறநானூறு முழுவதும் அடங்கிவிடுகின்றது. ஏடும் எழுத்தாணியும் அருங்காட்சியகத்துக்கு உரியன என்பது அவர்கள் எண்ணம். உண்மை இதற்கு மாறானது. ஏட்டிலிருந்து அச்சுக்கு நூல்கள் பெயர்ந்தபோது எழுந்த வினாக்கள் அனைத்தும், அச்சிலிருந்து திரைக்குப் பெயரும் இந்நாளிலே மீண்டும் எழுந்திருக்கின்றன. சில வினாக்கள் உருவங்கூட மாறாது அப்படியே வந்து நிற்கின்றன.

அச்சுப் பக்கத்தைப் படம்பிடித்து, அப்படத்திலிருந்து எழுத்துக்களைத் தானே அறிந்து தரும் கருவிக்கு எழுத்துணரி என்று பெயர். மங்கிய பழைய தாளை அதனிடம் கொடுத்தால் அது இடறும் இடங்களுள் ஒன்று காலும் ரகரமும். ரகரத்தின் அடியிலுள்ள சிறு கீற்று மை மங்கி மறைந்துவிட்டால் கருவிக்கு அது கால். ஒற்றைக் கொம்பும் இரட்டைச் சுழிக் கொம்பும் மயங்குகின்றன. மேற்புள்ளி தாளின் கறையோடு கலந்து மறைகின்றது, அல்லது கறையே புள்ளியாகின்றது. ஏடெழுதியவரை வருத்திய அதே மூன்று தொல்லைகள்! நாவலரும் வீரமாமுனிவரும் அச்சுக்கலைஞரும் அரும்பாடுபட்டு வேறுபடுத்திய எழுத்துக்களை இயந்திரம் மீண்டும் ஒன்றாக்கிக் காண்கின்றது. தமிழ்நாட்டிலே 1978ஆம் ஆண்டின் அரசாணையால் எழுத்துச் சீர்திருத்தம் வருமுன் அச்சான நூல்களிலோ ணா, றா, னா என்பனவும், ணை, லை, ளை, னை என்பனவும் வேறு வடிவில் இருக்கும். யானைத் துதிக்கை போன்ற அப்பழைய ஐகாரக் குறியைக் கற்பியாத கருவி அதனை எதுவென்று கொள்ளும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஏடு வாசிக்கப் பழகிய ஒருவர் அருகிலிருந்தால், எந்தெந்த எழுத்துக்களைச் சோதிக்க வேண்டும் என்பதை அவர் கருவியை ஓட்டு முன்பே கூறிவிடுவார்.

கண்ணுக்குப் புலனாகும் பிழை இவ்வாறாக, கண்ணுக்குப் புலனாகாப் பிழையும் ஒன்றுண்டு. கணினியில் எழுத்து என்பது உண்மையில் ஓர் எண். 1991ஆம் ஆண்டு முதல் உலக மொழிகளின் எழுத்துக்களுக்குப் பொது எண் வகுத்துவரும் ஒருங்குறி முறையிலே தமிழும் தொடக்கந்தொட்டு இடம்பெற்றுள்ளது. அதன்படி 'கொ' என்னும் எழுத்தை ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். ககரத்தோடு கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. விதி அறிந்து அமைக்கப்பட்ட செயலி இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும். அறியாத செயலி ஒன்றைத் தேடினால் மற்றையதைக் காட்டாது. இதனினும் கொடிது ஔகாரம். 'கௌரவம்' என்று எழுதுவதற்குப் பதிலாகக் கொம்பும் ககரமும் ளகரமும் தட்டி எழுதுவோர் மிகப் பலர். பார்வைக்கு வேறுபாடு தோன்றுவதில்லை. கணினிக்கோ அது 'கெளரவம்' என்ற வேறொரு சொல். ஒரு நூலகத்தின் பட்டியல் முழுவதிலும் கௌமாரி என்ற பெயரைத் தேடி, அப்படி ஒருவரும் இல்லை என்ற விடையோடு திரும்பலாம். அவர் எழுதிய நூல் பத்தும் அங்கேயே இருக்கும்.

ஒருங்குறி பரவுவதற்கு முன்னைய காலத்து மின்கோப்புக்களின் நிலை ஓலை ஏட்டினும் பரிதாபமானது. இலங்கையின் பல அச்சகங்களில் நெடுங்காலம் ஆட்சி செய்தது பாமினி என்னும் எழுத்துரு. அதிலே ஆங்கில எழுத்துக்களின் இருக்கைகளிற் தமிழெழுத்துக்கள் அமர்த்தப்பட்டன. ஆங்கில 'எம்' இருந்த இடத்தில் அகரம். 'கே' இருந்த இடத்தில் மகரம். அரைப்புள்ளி இருந்த இடத்தில் மெய்ப்புள்ளி. 'எச்' இருந்த இடத்திற் கால். அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் கோப்பைத் திறந்தால் 'அம்மா' என்னும் சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று காட்சி தரும். இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் அச்சான நினைவு மலர்கள், ஊர்வரலாறுகள், பாடசாலை மலர்கள் ஆகியவற்றின் மின்கோப்புக்கள் எங்கேனும் எஞ்சியிருப்பின் இந்நிலையிலேயே இருக்கும். ஐந்நூறு ஆண்டுப் பழைய ஓலையைக் கண்ணுடைய எவரும் முயன்றால் வாசிக்கலாம். இவற்றை வாசிக்க எழுத்துமாற்றி வேண்டும்; அதற்குமுன், இவை தமிழ் என்று உணரும் ஒருவர் வேண்டும்.

தட்டச்சிட்டு நூல்களை உலகெங்கும் பரப்பும் முயற்சிகளுள் மதுரைத் திட்டம் பெருமைக்குரியது. சுவிட்சர்லாந்திலே வாழ்ந்த கல்யாணசுந்தரம் என்னும் அறிவியலாளரின் தலைமையில் 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று அது தொடங்கியது. பல நாடுகளிற் பரந்திருந்த தமிழர் ஊதியம் கருதாது, ஓய்வு நேரத்தில், சங்க நூல்களையும் சமய நூல்களையும் சிற்றிலக்கியங்களையும் தட்டச்சிட்டனர். தட்டச்சிட்டவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார், மூலப்பதிப்பு எது என்னும் விவரங்களைக் கோப்பின் தலைப்பில் எழுதும் நல்வழக்கத்தையும் அவர்கள் கைக்கொண்டனர். சாமிநாதையர் முகவுரையின் சிறு வடிவம் என்று இதனைக் கூறலாம்.

கேடு பின்னரே நேர்கின்றது. அக்கோப்பை மற்றொருவர் பிரதி செய்து தம் இணையத்தளத்தில் இடும்போது முதலில் நீக்குவது அத்தலைப்பையே. மூன்றாமவர் வரிகளை மடக்குகின்றார். நான்காமவர் கண்ணுக்குப் பட்ட 'பிழைகளை'த் திருத்துகின்றார். ஐந்தாமவர் படத்தின்மேல் இரு வரியை எழுதி நண்பர்களுக்கு அனுப்புகின்றார். இவ்வைந்து பிரதிகளுள் எது எதற்குத் தாய் என்று கேட்டால் விடை கூற எவருமில்லை. ஏட்டுக் காலத்தில் நூறு ஆண்டிலே நடந்தது இங்கே ஒரு பிற்பகலில் நடந்து முடிகின்றது. உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் பரீட்சைக்குரிய செய்யுளைத் திரையிற் தேடி, முதலில் வந்ததை மனனஞ் செய்கின்றார். பாடநூலில் வேறு பாடம் இருக்கக் கண்டு, நூல்தான் பிழை என்று வாதிடுகின்றார். அவரைக் குறை கூறிப் பயனில்லை. ஒரு நூலுக்கு ஒரு பாடம் மாத்திரமே உண்டு என்று எண்ணும்படி திரை அவரைப் பழக்கியிருக்கின்றது.

எந்தப் பதிப்பு திரைக்கு வருகின்றது என்பதைப் புலமையன்றிச் சட்டமே பெரும்பாலும் தீர்மானிக்கின்றது என்பதும் பலர் கவனியாத செய்தி. இலங்கையிலே 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிப்புரிமை ஆசிரியர் மறைந்த பின் 70 ஆண்டு நிலைக்கும். இந்தியாவில் 60 ஆண்டு. ஆகவே இடையூறின்றி மின்வடிவம் பெறுவன பழைய பதிப்புக்களே. பின்வந்த அறிஞர் திருத்தி வெளியிட்டவை பூட்டுக்குள் இருக்கின்றன. 1885ஆம் ஆண்டின் பொருளதிகாரம் எவர்க்கும் இலவசம். பேராசிரியர் உரை நச்சினார்க்கினியர் பெயரால் வழங்கிய பழந்தவறு, ஆராய்ச்சி அதனைக் களைந்து நூறாண்டு கழிந்த பின், பதிப்பாண்டு குறியாத ஒரு கோப்பின் வழியே மீண்டும் உலாவர எத்தடையும் இல்லை.

மறுபுறத்தில், திரை வாசிப்பினால் விளையும் நன்மை சிறிதன்று. ஒரு சொல் சங்க நூல்களில் எங்கெங்கே வருகின்றது என்பதை அறிய முற்காலத்தில் ஓர் அறிஞர் ஆண்டுக்கணக்கிற் சீட்டு எழுத வேண்டியிருந்தது. இன்று அது கணப்பொழுது வேலை. எனினும் இவ்வேலையும் பதிப்பாசிரியரின் முன்னுழைப்பை நம்பியே நடக்கின்றது. தமிழிற் சொற்கள் புணர்ந்து ஒன்றாகி நிற்கும். புணர்ந்து நிற்கும் சொல்லைக் கணினி பிரித்தறியாது. 'பலகை' என்பது ஒரு மரத்துண்டா, பல கைகளா என்பதை இடம் நோக்கி அறிய வேண்டும். மர்ரே எஸ். ராஜம் 1950களில், புலவர் குழுவொன்றின் துணையோடு, சந்தி பிரித்து மலிவு விலையில் வெளியிட்ட பழந்தமிழ் நூற்பதிப்புக்கள் அக்காலத்திற் சிலரால் மரபை மீறியவை என்று கருதப்பட்டன. பொதுமக்கள் எளிதில் வாசிக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். அரை நூற்றாண்டின் பின் வரப்போகும் தேடுபொறிக்கும் அதுவே பாதை அமைக்கும் என்பதை அவர் கனவிலும் எண்ணியிரார். ஆனாற் பிரித்தல் என்பதும் ஒருவகை உரையே. பிரித்த பாடத்தை மட்டும் கண்டவர், பிரியாத பாடத்தில் இருந்த இரண்டாம் பொருளை இழக்கின்றார்.

நூலின் உருவமும் அதன் பொருளில் ஒரு பகுதி என்று வற்புறுத்தியவர் நியூசிலாந்து அறிஞர் டொனால்ட் மெக்கன்சி. 1985ஆம் ஆண்டிலே பிரித்தானிய நூலகத்தின் பானிட்சி பேருரைகளை முதன்முதலாக நிகழ்த்திய அவர், எழுத்தின் வடிவு, தாளின் அளவு, பத்தி பிரிப்பு ஆகிய யாவும் வாசகரின் பொருள்கோளை மாற்றுகின்றன என்று காட்டினார். ஏட்டில் தொடரோட்டமாகக் கிடந்த செய்யுளை அச்சில் அடிஅடியாகக் கண்டவர் அதனை வேறு விதமாகவே வாசித்தார். அதே செய்யுள் விரற்கடை அகலத் திரையில் அடி முறிந்து, சீர் சிதறி, விளம்பரத்துக்கும் விளம்பரத்துக்கும் இடையிலே நிற்கும்போது யாப்பைக் கண்ணாற் காண முடிவதில்லை. இது சிறு குறை என்று தள்ளத்தக்கதன்று. வெண்பாவின் ஈற்றடி சிந்தடி என்பதைக் கண்டு அறிந்தவருக்கும் கேட்டு மட்டும் அறிந்தவருக்கும் வேறுபாடுண்டு.

ஆகவே தட்டச்சிட்ட பாடத்தோடு பக்கத்தின் படமும் வேண்டும். 2005ஆம் ஆண்டிலே தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாக மின்வருடிப் படமாகவே வைத்திருப்பதன் பயன் இங்கே விளங்கும். 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவிலே தொடங்கிய தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றோடு ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. ஒரே ஊரில், ஒரே கட்டடத்தில், ஒரே பிரதியாக நூலை வைத்திருத்தலின் பொருளை அவ்வெரிவு கண்ட சமுதாயத்துக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. சென்னையிலே 1994ஆம் ஆண்டில் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், சிக்காகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு, ஒருவர் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த அச்சு நூற்களஞ்சியத்தை நுண்படச்சுருளிற் பாதுகாத்தது. விக்கிமூலம் என்னும் தளமோ படத்தையும் தட்டச்சிட்ட பாடத்தையும் அருகருகே வைத்து, எவர் எந்நாளில் எவ்வெழுத்தைத் திருத்தினார் என்பதையும் பதிந்து வைக்கின்றது. ஏடெழுதியோர் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் ஏட்டின் இறுதியில் எழுதிவைத்த பழக்கம் இங்கே எழுத்துக்கு எழுத்து உயிர்பெற்றிருக்கின்றது.

படமெடுத்த பின் தாள் எதற்கு என்ற கேள்வியும் எழுகின்றது. இது புதிய கேள்வியன்று. அச்சான பின் ஏடு எதற்கு என்று அன்று கேட்டார்கள். ஏடுகள் ஆற்றிலும் அடுப்பிலும் இடப்பட்டன. அமெரிக்காவிற் பெரிய நூலகங்கள் பழைய செய்தித்தாள்களை நுண்படமெடுத்து, தாள்களைக் கழித்துவிட்டன. படங்கள் பலவற்றில் பக்கங்கள் மங்கியும் விடுபட்டும் இருந்ததைப் பின்னரே கண்டனர். நிக்கல்சன் பேக்கர் 2001ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்றில் இதனைக் கடுமையாகச் சாடினார். பிரெஞ்சுத் தூரகிழக்கு ஆய்வுப் பள்ளியின் சார்பில் ஈவா வில்டன் நற்றிணையை 2008ஆம் ஆண்டிலும் குறுந்தொகையை 2010ஆம் ஆண்டிலும் செம்பதிப்பாக வெளியிட்டபோது, எஞ்சிய ஏடுகளையும் கடிதப் பிரதிகளையும் மீண்டும் தேடி ஒப்புநோக்கவே வேண்டியிருந்தது. அச்சான பின் ஏடு வேண்டாம் என்றிருந்தவர்கள் முழு வெற்றி பெற்றிருந்தால் அப்பதிப்புக்களுக்கு இடமே இருந்திராது.

இனிவரும் நூல் எவ்வாறிருக்கும்? 1987ஆம் ஆண்டிலே அமெரிக்காவிற் கூடிய அறிஞர் சிலர் நூற்பாடங்களைக் கணினியில் எழுதுவதற்குப் பொதுக் குறியீட்டு முறையொன்றை வகுக்கத் தொடங்கினர். அம்முறையிலே ஒரு சொல்லுக்குரிய பாடபேதங்களையும், அவை எந்தப் பிரதியில் உள்ளன என்பதையும், ஏடு சிதைந்த இடத்தையும், பதிப்பாசிரியர் ஊகித்து இட்ட எழுத்தையும் தனித்தனி அடையாளத்தோடு பதியலாம். அச்சில் அடிக்குறிப்புக்கு இடம் குறைவு. பதிப்பாசிரியர் பலவற்றை விடவேண்டியிருந்தது. திரைக்கு அந்த வரையறை இல்லை. ஒரு சொல்லைத் தொட்டால் ஏட்டின் படமும், நான்கு பாடமும், பழைய உரையும் தோன்றும்படி ஒரு புறநானூறு செய்தல் இன்று இயலாத காரியமன்று. தாமோதரம்பிள்ளையும் சாமிநாதையரும் கையில் விளக்கோடு தேடியலைந்த வசதி இது. ஆனால் இதனைச் செய்வதற்கு ஏடு வாசிப்போரும் யாப்பறிந்தோரும் வேண்டும். அவர்களின் தொகை சுருங்கிவருகின்றது.

வாங்கிய நூல் வாங்கியவருடையதா என்ற ஐயமும் இப்புதிய உலகத்துக்கு உரியது. 2009ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அமேசன் நிறுவனம், உரிமைச் சிக்கல் காரணமாக, கிண்டில் என்னும் வாசிப்புக் கருவிகளிலிருந்து ஒரு நூலை உரியவர் அறியாமலே நீக்கியது. அந்நூல், அரசு பழஞ்செய்திகளை அழித்தெழுதுவதைப் பற்றிய ஜோர்ஜ் ஓர்வெல்லின் '1984' என்பதை நினைத்தால், கதை எழுதுவோரும் இவ்வளவு துணியமாட்டார் என்று தோன்றும். அலமாரியிலுள்ள அச்சுநூல் இரவோடிரவாக மாறுவதில்லை. மாறினால் இரண்டாம் பதிப்பு என்று முகப்பிலே எழுதுவார்கள்.

மூலபாட ஆராய்ச்சியாளர் அனுபவத்தாற் கண்ட உண்மை ஒன்றுண்டு. எழுத்தறிவு குறைந்த பிரதிகாரரால் விளையும் கேடு சிறிது. அவர் புரியாததைப் புரியாதபடியே எழுதிவைப்பார், பிழை பிழையென்று வெளிப்படையாகத் தோன்றும், கற்றவர் திருத்திக்கொள்வார். கற்ற பிரதிகாரரே அபாயமானவர். அரிய சொல்லைக் கண்டதும் அது பிழையென்று துணிந்து, தமக்குத் தெரிந்த எளிய சொல்லை யாப்புக் கெடாமல் அமைத்துவிடுவார். பாட்டு அழகாகவே ஓடும், ஐயம் எழாது, பழஞ்சொல் என்றென்றைக்கும் மறைந்துவிடும். இரண்டு பாடங்களில் எளியதை ஐயுற்று அரியதைக் கொள்க என்று ஆராய்ச்சியாளர் விதி செய்தது இதனாலேதான்.

இன்று திரைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர் இதுவரை உலகம் கண்டவருள் எல்லாம் கற்ற பிரதிகாரர். தட்டச்சிடும்போதே சொல்லைத் திருத்திவிடும் செயலிகள் வழக்கொழிந்த சொல்லை வழக்கிலுள்ள சொல்லாக்குகின்றன. செயற்கை நுண்ணறிவு என்னும் இயந்திரங்களோ, கேட்ட மாத்திரத்திலே பழம்பாட்டுப் போன்ற ஒன்றை எதுகை மோனையோடு தந்துவிடுகின்றன. அது ஏட்டிலுள்ளதா, அப்பொழுது தொடுத்ததா என்பதைத் தாமே சொல்வதில்லை. ஏடு மங்கிய இடத்தை வாசிக்க இவ்வியந்திரங்களால் உதவி கிடைக்கும் என்பதும் உண்மை. அறிஞர் பலர் அவ்வழியில் முயன்றுவருகின்றனர். உதவியாகக் கிடைத்த எழுத்து ஊகம் என்று அடையாளம் இடப்படுகின்றதா என்பதைப் பொறுத்தே அது மருந்தாவதும் நஞ்சாவதும்.

புறநானூற்றில் 267ஆம் பாட்டும் 268ஆம் பாட்டும் கிடைக்கவில்லை. வேறு பல பாட்டுக்களில் அடிகளும் சொற்களும் சிதைந்துள்ளன. சாமிநாதையர் அவ்விடங்களிற் புள்ளிகளை இட்டு வெற்றிடமாகவே விட்டார். தமிழிலே செய்யுள் இயற்ற வல்லவர், சங்க நடையில் தோய்ந்தவர், வேண்டியிருந்தால் ஒரு மாலைப்பொழுதில் அவற்றை நிரப்பியிருக்கலாம். எண் வரிசை 266இலிருந்து 269க்குத் தாவுவதைக் காணும் வாசகர் இன்றும் அவ்விடத்திற் சற்று நிற்கின்றார்.